“விமானி கவனக்குறைவு” என்ற வார்த்தையை முதலில் தூக்கிப் போடுங்கள்!

சென்னையிலிருந்து பைக்கில் பாண்டிச்சேரி கிளம்புகிற கல்லூரிக் கூட்டம் வண்டியை ஓரம் கட்டுகிற இடங்களில் மரக்காணமும் ஒன்று. ஈ.சி.ஆர். பக்கத்திலேயே பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்பு ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், பின்னால் கழுவெளி. போட்டோ எடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு விமானம் மேலேறிப் போனால், கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்:

“இதுல பைலட்டுக்கு என்னடா வேலை? எல்லாம் ஆட்டோபைலட்தான். கிளம்பறதும் இறங்கறதும்தான் கஷ்டம். மத்த நேரம் காபி குடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க.”

அதே ஆள், எங்காவது ஒரு விமானம் ஏடாகூடமாகி டிவியில் ஓடும்போது சொல்வது இது: “பைலட்டோட கவனக்குறைவு. பொறுப்பில்லாத ஆளுங்க. வேலைய விட்டே தூக்கணும்.”

இரண்டுமே தப்பு. முதலாவது வெறும் அறியாமை, போனால் போகட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவுடன் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டார், தண்டனை கொடுத்தாகிவிட்டது, கேஸ் முடிந்தது. அடுத்த விமானத்தில் அதே தப்பு நடப்பதற்கான எல்லா ஏற்பாடும் அப்படியே இருக்கிறது.

உண்மையில் இந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் விமானிகளுக்குக் கவனம் குறையவே இல்லை. ரொம்பவும் கவனமாகத்தான் இருந்தார்கள். பார்க்கக் கூடாத ஒன்றின் மேல்!

ஏறும்போது என்ன நடக்கிறது?

உப்பளத்தில் பாத்தித் தண்ணீரின் அடர்த்தியை ‘டிகிரி’யில் அளப்பார்கள். கடல் தண்ணீர் ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரி பக்கம் வரும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்க விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசக்கும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். குறைந்தாலும் உப்பு இல்லை, கூடினாலும் நல்ல உப்பு இல்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அதற்குள்தான் பிழைப்பு.

விமானத்தின் வேகமும் அப்படித்தான். ரொம்பக் குறைந்தால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். இதற்குப் பெயர் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள், அதில்லை. எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே இறக்கை கைவிட்டுவிடும். ரொம்பக் கூடினால் விமானத்தின் உடம்பு தாங்காது. உப்பளத்தில் இந்த இடைவெளியைக் கவனிக்க நாட்கணக்கில் நேரம் இருக்கிறது. காக்பிட்டில் வினாடிகள்.

ஏறும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. சமதளத்தில் பறக்கும்போது வேகம் குறைந்தால் எஞ்சினுக்குக் கொஞ்சம் சக்தி கூட்டலாம். மேலேறும்போது எஞ்சின் ஏற்கெனவே ஏறுவதற்கான சக்தியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது விமானத்தின் மூக்கு. மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், தாழ்த்தினால் கூடும். மேட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும்.

இதோடு சேர்த்து மற்ற வேலைகளையும் பாருங்கள். சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும். ஃபிளாப்பைப் படிப்படியாக மடக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு வேக வரம்பு. டவரிலிருந்து அடுத்த கட்டுப்பாட்டு அறைக்கு அலைவரிசை மாற்ற வேண்டும். அவர்கள் சொல்கிற உயரத்தையும் திசையையும் திருப்பிச் சொல்லி, கருவியில் பதிய வேண்டும். செக்லிஸ்ட் படிக்க வேண்டும். 10,000 அடி தாண்டும்வரை பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. கீழே நெரிசல் அதிகம், பறவைகளும் அதிகம். அதைத் தாண்டியதும் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டி மறுபடி ஏற வேண்டும்.

“காபி குடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க” என்ற அந்த நண்பர் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படிக்கலாம்.

திருச்சியில் ஒரு நாற்காலி

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். திருச்சியிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 கிளம்புகிறது. 130 பயணிகள், 6 ஊழியர்கள். ஓடுபாதை முடிகிற இடத்திலும் விமானம் போதுமான உயரத்துக்கு வரவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆண்டெனாவையும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. அடிவயிறு கிழிந்திருந்தது. காக்பிட்டில் எல்லாம் சரியாகக் காட்டியதால் பயணம் தொடர்ந்தது. பிறகு மும்பைக்குத் திருப்பி, விடிகாலையில் பத்திரமாக இறக்கினார்கள். 136 பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் செய்தி என்ன? சுவரை இடித்துவிட்டு நான்கு மணி நேரம் பறந்த விமானம்! இரண்டு விமானிகளும் பணியிலிருந்து நிறுத்தம்! அவ்வளவுதான். டீக்கடையில் “தூங்கியிருப்பானுங்க”, “தண்ணியடிச்சிருப்பானுங்க” என்று தீர்ப்பு எழுதி முடித்தார்கள்.

விசாரணை முடிந்து அறிக்கை வந்தபோது அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? விமான விபத்துகளைப் புலனாய்வு செய்யும் மத்திய அமைப்பு கண்டுபிடித்தது இதுதான்: விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக் கொண்டிருந்தபோது கேப்டனுடைய இருக்கையின் முதுகுச் சாய்வு பிடிமானம் இழந்து பின்னால் சாய்ந்துவிட்டது. அவர் கை எஞ்சின் லீவர் மேல் இருந்தது. உடம்பு பின்னால் போனபோது லீவரும் பின்னால் வந்தது. எஞ்சினின் சக்தி குறைந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

ஓடுபாதையில் பறக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி திடீரென்று பின்னால் சாய்கிறது. உங்கள் கவனம் எங்கே போகும்? எஞ்சின் மீட்டருக்கா? நாற்காலிக்குத்தான் போகும். மனிதனாகப் பிறந்த யாருக்கும் அங்கேதான் போகும். அதற்குப் பெயர் கவனக்குறைவு என்றால் வீடு பற்றியெரியும்போது பால் பொங்குவதைப் பார்க்காதவரையும் கவனக்குறைவானவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த இருக்கை ஏன் சாய்ந்தது? ஒருவருக்கு இடைஞ்சல் வந்த அதே நொடியில் இன்னொருவர் கண் மட்டும் வேகத்தையும் எஞ்சினையும் விட்டு அகலாமல் இருக்கப் பயிற்சி போதுமானதாக இருந்ததா? சஸ்பெண்ட் உத்தரவு இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

இது திருச்சிக் கதை மட்டும் இல்லை

1978 ஜனவரி 1. பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியாவின் ஜம்போ, ‘எம்பரர் அசோகா’. இரவு நேரம், கீழே கருங்கடல், வெளியே அடிவானமே தெரியாது. கடலுக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும்போது கேப்டனுக்கு முன்னால் இருந்த, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி பழுதாகி, வலது பக்கம் சாய்ந்தபடியே காட்டியது. அவர் அதை நம்பி இடது பக்கம் திருப்பினார். திருப்பிக்கொண்டே போனார். கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பாந்த்ரா கடற்கரைக்கு அப்பால் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். அந்த காக்பிட்டில் சாய்வைக் காட்டும் கருவிகள் வேறும் இருந்தன. கேப்டன் அசட்டையாக இருந்தாரா? இல்லவே இல்லை. தன் முன்னால் இருந்த ஒரே கருவியைக் கண்கொட்டாமல் பார்த்தார். அதுதான் பிரச்சினை.

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727, பயணிகள் இல்லாமல் மூன்று ஊழியர்களுடன் நியூயார்க்கிலிருந்து கிளம்புகிறது. வேகம் அளக்க விமானத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய்களைச் சூடாக்கும் ஸ்விட்ச் போடப்படவில்லை. மேகத்துக்குள் ஏறும்போது குழாயில் பனி அடைத்துவிட்டது. குழாய்க்குள் சிக்கிய காற்றின் அழுத்தம் அப்படியே இருக்க, வெளியே உயரம் கூடக் கூட அழுத்தம் குறைந்தது. வேகமானி இந்த வித்தியாசத்தைத்தான் வேகமாகக் காட்டும். அதனால் மேலே போகப் போக வேகம் ஏறிக்கொண்டே போவதாகக் காட்டி 400 நாட்டையும் தாண்டியது. வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினார்கள். இன்னும் கூடியது. இன்னும் தூக்கினார்கள். நிஜ வேகம் அடிமட்டத்துக்குப் போய், விமானம் ஸ்டாலாகிச் சுழன்று விழுந்தது. மூவரும் பலி. வேகத்தைக் கவனிக்கவில்லை என்று இவர்களைச் சொல்ல முடியுமா? வேகத்தை மட்டுமே கவனித்தார்கள்!

1996 பிப்ரவரி 6. டொமினிகன் குடியரசிலிருந்து கிளம்பிய பர்கன்ஏர் போயிங் 757. கேப்டனின் வேகமானி சரியாக வேலை செய்யவில்லை என்பது ஓடுபாதையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கிளம்பினார்கள். ஏறும்போது அந்த வேகமானி மிகையாகக் காட்ட, அதை நம்பிய ஆட்டோபைலட்டும் மூக்கைத் தூக்கியது. துணை விமானியின் வேகமானி சரியான வேகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கருவியும் இரண்டு விதமாகச் சொல்கிற குழப்பத்திலேயே நேரம் போய்விட்டது. 189 பேர்.

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் போயிங் 737. உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் அமைப்பு தானியங்கி நிலையில் இல்லை, மேனுவலில் இருந்தது. 12,000 அடி தாண்டியதும் எச்சரிக்கை ஹாரன் அடித்தது. அதே ஹாரன்தான் தரையில் விமானம் கிளம்பத் தயாராக இல்லாவிட்டாலும் அடிக்கும். ஒரே சத்தம், இரண்டு அர்த்தம். விமானிகள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தரையில் இருந்த பொறியாளரோடு குளிர்விக்கும் கருவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார்கள். காற்று குறைந்து மயங்கிப் போனார்கள். ஆட்டோபைலட் மட்டும் மயங்காமல், கொடுத்த வேலையைச் சமர்த்தாகச் செய்தது. ஏதென்ஸ் பக்கம் வானத்தில் சுற்றிச் சுற்றி வந்து, எரிபொருள் தீர்ந்து மலையில் மோதியது. 121 பேர்.

“எல்லாம் ஆட்டோபைலட் பார்த்துக்கும்” என்ற அன்பர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவும்.

ஹீலியோஸ் நடந்து 13 வருடம் கழித்து, 2018 செப்டம்பர் 20 அன்று, மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் ஏறக்குறைய அதே பாதையில் ஒரு தப்பு. எஞ்சினிலிருந்து கேபினுக்குக் காற்று கொடுக்கும் பிளீட் ஸ்விட்ச் போடப்படவில்லை. மேலேறும்போது ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. 166 பயணிகளில் சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம், தலைவலி. விமானம் மும்பைக்கே திரும்பியது. சமூக வலைத்தளங்களில் அன்று ஓடியது ஜோக்குகள்தான்: “ஃபேன் ஸ்விட்ச் போட மறந்துட்டாங்களாம்!” இன்னும் சில ஆயிரம் அடி, இன்னும் சில நிமிடம் குழப்பம் நீடித்திருந்தால் அது இந்தியாவின் ஹீலியோஸ் ஆகியிருக்கும் என்று சிரித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

“அப்ப யாருமே குத்தவாளி இல்லையா?”

வரும் என்று தெரிந்த கேள்விதான் :-)

இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, வேண்டுமென்றே விதியை மீறுகிறவர்கள். 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்கப் போன ஈஸ்டர்ன் விமானத்தின் காக்பிட்டில் அரசியலும் பழைய கார் விற்பனையும் பேசிக்கொண்டு வந்தார்கள். உயரத்தைக் கோட்டைவிட்டார்கள். 72 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1981-இல் அமெரிக்காவில் ‘ஸ்டெரைல் காக்பிட்’ விதி வந்தது. 10,000 அடிக்குக் கீழே பறத்தலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, சாப்பாடு, சிரிப்பு எதுவும் கூடாது. 2023 ஹோலி அன்று, 37,000 அடியில் இரண்டு எஞ்சின் லீவர்களுக்குப் பக்கத்தில் காபிக் கோப்பையை வைத்துப் பலகாரம் சாப்பிட்ட ஸ்பைஸ்ஜெட் விமானிகள் படம் வெளியானதே, அவர்களைப் பணியிலிருந்து நிறுத்தியதில் தப்பே இல்லை. அதே ஆண்டு தோழியை காக்பிட்டுக்குள் உட்கார வைத்த ஏர் இந்தியா விமானியின் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கியதும் சரிதான்.

இரண்டாவது வகை, வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அந்த வேலையாலேயே கண் திரும்பியவர்கள். சாய்ந்த நாற்காலி, பொய் சொன்ன கருவி, ஒரே சத்தத்தில் இரண்டு ஹாரன். இவர்களையும் முதல் வகையையும் ஒரே கோணிப் பையில் கட்டி ‘கவனக்குறைவு’ என்று லேபிள் ஒட்டுவதுதான் அநியாயம். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த விதியே, விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, பழி சுமத்துவது இல்லை என்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்துகிற ஒரு ஏற்பாட்டில், விமானிகள் தங்கள் தப்பைத் தாங்களே ரகசியமாக எழுதி அனுப்பலாம். பயம் இல்லாத இடத்தில்தான் உண்மை வெளியே வரும். முதல் நாளே சஸ்பெண்ட் என்றால் எந்த விமானி வாயைத் திறப்பார்? “நேத்து நானும் அந்த ஸ்விட்ச்சை மறந்துட்டேன், நல்லவேளை பக்கத்துல இருந்தவர் பார்த்துட்டார்” என்று ஒருவர் தைரியமாகச் சொன்னால் அதிலிருந்து ஆயிரம் பேர் கற்றுக்கொள்ளலாம். அந்த ஒருவரை வாயடைக்க வைப்பதுதான் இந்த ஊர் வழக்கம்.

“கவனமா இரு” என்பது மருந்தே இல்லை

எந்த மனிதனும் “இப்போது நான் கவனமில்லாமல் இருக்கப் போகிறேன்” என்று முடிவெடுத்துக் கவனம் சிதறுவதில்லை. சிதறும்போது சிதறியிருப்பதே தெரியாது. அதனால் கவனமாக இரு என்ற புத்திமதி, தூங்குகிறவன் காதில் “முழிச்சுக்கிட்டே தூங்கு” என்று சொல்வது மாதிரிதான்.

மருந்து வேறு. மீண்டும் மரக்காணம் உப்பளத்துக்கே போகலாம். ஒருவர் மடையைத் திறந்து பாத்திக்குத் தண்ணீர் விட்டால் அவர் வேலை அந்தத் தண்ணீரைப் பார்ப்பது. உப்பு வாருகிற வேலை இன்னொருவருக்கு. இரண்டு பேரும் வாரப் போனால் தண்ணீர் வரப்பைத் தாண்டிவிடும். ஏற்கெனவே விளைந்த உப்பும் கரைந்து போகும். அப்புறம், அனுபவசாலிகள் மீட்டரை மட்டும் நம்பமாட்டார்கள். மீட்டர் 25 டிகிரி என்று சொல்லி, பாத்தியில் ஒரு கல் உப்புகூடத் தட்டுப்படவில்லை என்றால் பாத்தியைத்தான் நம்புவார்கள்.

காக்பிட்டிலும் இந்த இரண்டு பாடம்தான்.

1. ஒருவர் பறக்க மட்டும். நாற்காலி சாயட்டும், ஹாரன் அடிக்கட்டும், ரேடியோவில் யார் வேண்டுமானாலும் கூப்பிடட்டும். ஒருவருடைய கண் வேகம், மூக்கு, எஞ்சின் இந்த மூன்றையும் விட்டுப் போகக்கூடாது. பிரச்சினையைத் துப்பறிவது இன்னொருவர் வேலை. விமானப் பயிற்சியில் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நிஜ இடைஞ்சல் வரும்போது இரண்டு தலையும் ஒரே பக்கம் திரும்புகிறது. அந்தத் திரும்பலைத் தடுக்கும் பயிற்சி சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம்?

2. ஒரு கருவியை நம்பாதே. மூக்கு இத்தனை டிகிரி, எஞ்சின் இத்தனை சக்தி என்றால் வேகம் இவ்வளவுதான் இருக்க முடியும். இந்தக் கணக்கு எல்லா விமானத்துக்கும் உண்டு. மூக்கை அண்ணாந்து தூக்கியபடி ஏறும் 727, 400 நாட்டில் பறக்கவே முடியாது. அன்று காக்பிட்டில் யாராவது ஒருவர் மீட்டரை விட்டுவிட்டுப் பாத்தியைப் பார்த்திருந்தால் போதும்.

இரண்டுமே நடக்க என்ன வேண்டும்? இரண்டு பேர் வேண்டும். அதுவும் முழித்திருக்கிற இரண்டு பேர். இங்கேதான் சண்டையே ஆரம்பிக்கிறது.

தூக்கத்துக்கு யார் டிக்கெட் எடுப்பது?

இந்திய விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளை டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு நேரத் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2. விமான நிறுவனங்கள் முணுமுணுத்தன, தேதி தள்ளிப் போனது, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பரில் மீதியும் அமலுக்கு வந்தன.

அப்புறம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 டிசம்பர் முதல் வாரம், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவிடம் புதிய விதிக்கு ஏற்றபடி விமானிகள் ஏற்பாடு இல்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமான நிலையங்களில் பெட்டிகள் மலை மாதிரி குவிந்தன. கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். கோபம் நியாயமானது. ஆனால் முடிவு என்ன? ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே தெரிந்த விதிக்குத் தயாராகாத நிறுவனத்துக்கு, இரவு வேலை விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கு! டிவி விவாதங்களில் “விமானம் எப்ப கிளம்பும்?” என்று கேட்டவர்கள் ஆயிரம். “கிளம்புகிற விமானத்தை ஓட்டுகிறவர் தூங்கினாரா?” என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

திருச்சி சம்பவத்துக்கோ ஜெய்ப்பூர் விமானத்துக்கோ தூக்கமின்மைதான் காரணம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் கண் திரும்பும்போது இன்னொருவர் கண் பிடிக்க வேண்டும் என்பதுதான் மொத்தப் பாதுகாப்பின் அஸ்திவாரம். களைத்த கண் எதையும் பிடிக்காது. இரவு பகல் பார்க்காமல் விமானியைப் பிழிந்துவிட்டு, ஒரு ஸ்விட்ச் விட்டுப்போனதும் “கவனக்குறைவு” என்று கைகாட்டுவது கயமை.

இதற்கு நடுவில், உயரே சீராகப் பறக்கும் நேரத்தில் காக்பிட்டில் ஒரே விமானி போதுமே என்று ஒரு யோசனை ஐரோப்பாவில் கிளம்பி, அங்கேயுள்ள பாதுகாப்பு அமைப்பு ஆய்வே நடத்தியது. இப்போதைய நிலையில் இரண்டு பேருக்குச் சமமான பாதுகாப்பு இதில் இல்லை என்றுதான் ஆய்வு சொன்னது. அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். ஒரு சம்பளம் மிச்சம் என்றால் யோசனை வேறு பெயரில் திரும்பி வரும். 2014 ஆகஸ்ட்டில் மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன ஜெட் ஏர்வேஸ் 777-இல் கேப்டன் அனுமதிக்கப்பட்ட ஓய்வில் தூங்க, துணை விமானி டேப்லெட்டில் மூழ்கியிருக்க, துருக்கி வானில் விமானம் 5,000 அடி இறங்கிப் போனது. அங்காரா கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கண்காணிக்க ஒரே ஒரு கண் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கடைசியாக, அந்த பைக் நண்பருக்கு

மரக்காணத்தில் போட்டோ எடுத்துவிட்டு ஈ.சி.ஆரில் திரும்புகிறீர்கள். 80 கிலோமீட்டர் வேகம். பாக்கெட்டில் போன் அதிர்கிறது. யார் என்று 3 வினாடி பார்க்கிறீர்கள். அந்த 3 வினாடியில் வண்டி 67 மீட்டர் ஓடியிருக்கும். பார்த்தது நீங்கள், ஓட்டியது யாருமில்லை. உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலையில் திரும்பக்கூட அவ்வளவு நேரம் தேவையில்லை.

250 நாட்டில் ஏறும் விமானம் அதே 3 வினாடியில் 380 மீட்டருக்கு மேல் போய்விடும். வித்தியாசம் ஒன்றுதான். உங்கள் பைக்கில் இரண்டாவது விமானி கிடையாது. விமானத்தில் உண்டு. அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் காக்பிட்டில் இருக்க வேண்டும், தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டும், தப்பைப் பார்த்தால் பயமில்லாமல் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது இந்த மூன்றைத்தான். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் குரல் கொடுக்கலாம்.

அடுத்த முறை டிவியில் “விமானியின் கவனக்குறைவு” என்று சிவப்பு எழுத்து ஓடினால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நேரத்தில் அவர் எதைக் கவனித்துக்கொண்டிருந்தார்? அந்தப் பதிலில்தான் அடுத்த விபத்தைத் தடுக்கும் வழி இருக்கும்.

பி.கு: மரக்காணத்தில் போட்டோ எடுக்க இறங்குகிறவர்கள் தயவுசெய்து பாத்தி வரப்பில் ஏறி மிதிக்க வேண்டாம். அது ஒருவருடைய காக்பிட்!